பிரசவச் செலவும் தலையெழுத்தும்

நம் நாட்டில் கலியாணத்திற்கு நாள் பார்க்கிறார்கள். பந்தக்கால் நடுவதற்கு நேரம் பார்க்கிறார்கள். மணப்பெண் வாசற்படியில் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்பதற்குக்கூட நம் வீடுகளில் சட்டம் இருக்கின்றது. ஆனால் அந்தப் பெண் கர்ப்பமாகிப் பிள்ளை பெறுகின்ற நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு மாத்திரம் ஒருவரும் நாள் பார்ப்பதில்லை. கேட்டால், மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மரம் வைத்தவன் இன்னான் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அவன்தான் பத்தாவது மாதத்தில் தண்ணீருக்காக அடகுக் கடை வாசலில் போய் நிற்கிறான் என்பதும் நாம் தினந்தோறும் பார்க்கின்ற காட்சியேயாகும்.

செஞ்சியில் அரிசி மில் ஒன்றில் கணக்கு எழுதும் வாலிபத் தோழர் ஒருவர் சில நாட்களுக்கு முன் நம்மிடம் வந்தார். அவருடைய மனைவியாருக்கு மூன்றாவது மாதம் என்று தெரிந்த பிறகு, ஒரு ஏஜெண்டு வீடு தேடி வந்து, "குடும்பம் முழுவதற்கும் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும், கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் கடன் வாங்கிப் பிரீமியம் கட்டிவிட்டார். பிரசவ சமயத்தில் சிக்கல் ஏற்பட்டுத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சிசேரியன் செய்ய வேண்டியதாயிற்று. பில் தொண்ணூறாயிரம் ரூபாய். பாலிசியைக் கொண்டுபோய் நீட்டினால், "இந்தப் பாலிசியில் பிரசவச் செலவு சேராது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. நகைகள் அடகுக்குப் போயின. அந்தத் தோழர் இவ்வளவையும் நம்மிடம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "என்னங்கய்யா செய்வது, எல்லாம் எங்கள் தலையெழுத்து" என்றார்.

நாம் அந்தப் பாலிசியை வாங்கி வைத்துக்கொண்டோம். நாமும் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவரல்ல. இரண்டு இரவு விளக்கடியில் உட்கார்ந்து, தெரியாத வார்த்தைகளைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, வரி வரியாகப் படித்துப் பார்த்தோம். பிரசவச் செலவு, சிசேரியன் செலவு, கர்ப்பம் கலைந்தால் ஆகும் செலவு ஆகியவை கொடுக்கப்பட மாட்டா என்று அதில் தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கின்றது. ஆகவே அந்தத் தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: தலையெழுத்து என்பது ஒருவர் கண்ணிலும் படாத எழுத்து. பாலிசி எழுத்தோ அச்சடித்துக் கையிலேயே கொடுக்கப்பட்ட எழுத்து. உம்மைக் கெடுத்தது முன்னதல்ல, படிக்காமல் விட்ட பின்னதே.

இது அவர் ஒருவருடைய தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. கர்ப்பமான பிறகு பிரசவத்திற்கு இன்ஷ்யூரன்ஸ் தேடுவது என்பது நம் ஜனங்களுக்குள் பொது வழக்கமாகவே இருந்து வருகின்றது. பொது வழக்கமாய் இருப்பதால்தான் இதைத் தலையங்கமாக எழுத வேண்டியிருக்கின்றது.

முதலாவது, இன்ஷ்யூரன்ஸ் என்பது இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தர்மமல்ல, கோயில் உண்டியலுமல்ல. அது ஒரு ஒப்பந்தம். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வைத்து, அந்த ஆயிரம் பேரில் யாருக்கோ எதிர்பாராத செலவு வந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்பதே அதன் தத்துவம். வீடு பற்றிக்கொண்ட பிறகு நெருப்பு இன்ஷ்யூரன்ஸ் கேட்டால் எவனும் கொடுக்க மாட்டான். கொடுத்தால் எரிகின்ற வீட்டுக்காரர்கள் மாத்திரமே வந்து சேருவார்கள்; பெட்டி மறுநாளே காலியாகிவிடும். கர்ப்பமும் கம்பெனிக்காரனுக்கு அப்படித்தான் தோன்றுகின்றது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வருகிறவருக்கு ஏழு மாதத்தில் செலவு நிச்சயம் என்பது அவனுக்குத் தெரியும். ஆகையால்தான், பிரசவத்திற்குப் பணம் கொடுக்கச் சம்மதிக்கும் பாலிசிகளிலும் "காத்திருப்புக் காலம்" என்று ஒன்றை வைத்திருக்கிறான். இது ஒன்பது மாதமாகவும் இருக்கும், இரண்டு வருஷமாகவும் இருக்கும், மூன்று வருஷமாகவும் இருக்கும். அந்தக் காலம் கழிந்த பிறகு நடக்கும் பிரசவத்திற்குத்தான் பணம்.

இதைச் செஞ்சிக்காரர்களுக்கு விளங்க வைக்க வேறு உதாரணமே வேண்டியதில்லை. ராஜகிரியின் அடியில் இருக்கின்ற நெற்களஞ்சியத்தைப் பார்க்காதவர் நம் ஊரில் யார்? 2025-ம் வருஷம் ஜூலை மாதம் யுனெஸ்கோ சபையார் மராத்தியர்களுடைய கோட்டைகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நம் செஞ்சியும் அதில் ஒன்றாகச் சேர்ந்தது என்று எல்லோரும் பெருமைப்பட்டோம். 1690-ல் தொடங்கி 1698 வரைக்கும் மொகலாயர் சேனை இந்தக் கோட்டையைப் பிடிப்பதற்காக முயற்சி செய்துகொண்டிருந்தது. களஞ்சியமும், மலையின் மேலுள்ள சுனைகளும், கீழேயுள்ள குளங்களும் எதிரி வந்து சுற்றிக்கொண்ட பிறகு கட்டப்பட்டவையா? எதிரி வருவதற்கு முன்பே கட்டப்பட்டவையல்லவா? முற்றுகை வந்த பிறகு நெல் வாங்கச் சந்தைக்குப் புறப்படுகிற ராஜாவைப் பைத்தியக்காரன் என்போம். பிரசவ வலி வந்த பிறகு பணம் தேடப் புறப்படுகிறவனை மாத்திரம் "பாவம், விதி" என்கிறோம். கோட்டையைப் பற்றிப் பெருமை பேசுகின்ற நாம் கோட்டை கட்டியவனுடைய புத்தியைக் கொஞ்சமாவது எடுத்துக்கொள்ள வேண்டாமா?

ஏன் நம் ஜனங்கள் முன்கூட்டி யோசிப்பதில்லை என்று பார்த்தால், அதற்குக் காரணம் சோம்பேறித்தனமல்ல. பிள்ளை கடவுள் கொடுப்பது என்கின்ற எண்ணமும், வராத பிள்ளையைப் பற்றிப் பேசினால் கண் பட்டுவிடும் என்கின்ற பயமுமேயாகும். கலியாணமான மறுமாதமே, "விசேஷம் உண்டா?" என்று பெண்ணைத் துளைத்தெடுக்கின்ற மாமியாரும் அத்தையும், அந்த விசேஷத்திற்குச் செலவு எப்படி என்று மகனை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்குப் போய்வரப் பணம் இருக்கும். ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு மண்டபம் பிடித்து ஐந்து விதச் சித்திரான்னம் போடப் பணம் இருக்கும். போட்டோக்காரனுக்குப் பணம் இருக்கும். ஆனால் அதே வீட்டில் ஒன்பதாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கப் பணம் இருக்காது. வளையல் பூட்டுவதால் குழந்தை சுகமாய்ப் பிறக்கும் என்பது உண்மையாயிருந்தால், ஆஸ்பத்திரிகளில் அறுவை அறைகளை மூடிவிட்டு வளையல் கடை வைத்துவிடலாமே!

பிரசவத்தில் தாய் சாவதும் பிழைப்பதும் பிரம்மா எழுதியபடி என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பிரம்மாவின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். சர்க்கார் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, 2018 முதல் 2020 வரையில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குப் பிரசவ சம்பந்தமாக இறந்த தாய்மார் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர், கேரளத்தில் 19 பேர், அஸ்ஸாமில் 195 பேர். ஒரே பிரம்மா பாலக்காட்டுக்கு இப்பால் ஒரு எழுத்தும் அப்பால் ஒரு எழுத்துமா எழுதினான்? அஸ்ஸாம் பெண்களிடத்தில் அவனுக்கு என்ன ஜென்மப் பகை? வித்தியாசம் பிரம்மாவிடத்தில் இல்லை. ஆஸ்பத்திரியும், நர்சும், ரத்தமும், வண்டியும், படிப்பும், பணமும் இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வித்தியாசமே அது. இவையெல்லாம் மனிதன் செய்கிற காரியங்கள். ஆதலால் மனிதன் முன்கூட்டிச் செய்ய வேண்டிய காரியங்கள்.

அன்றியும், இக்காலத்தில் பிரசவச் செலவு எதிர்பாராத செலவு என்று சொல்லுவதற்கும் இடமில்லை. 2019-21-ம் வருஷத்தில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியனாக நடக்கின்றன. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 36. தனியார் ஆஸ்பத்திரிகளிலோ நூற்றுக்கு 63.8. அதாவது தனியார் ஆஸ்பத்திரிக்குள் நுழைகின்ற மூன்று கர்ப்பிணிகளில் ஏறக்குறைய இருவருக்கு அறுவை. இதில் எவ்வளவு அவசியம், எவ்வளவு வியாபாரம் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஜோசியன் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்தில் பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்லி டாக்டரிடம் போய் நிற்கின்ற படித்த முட்டாள்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மாத்திரம் இப்போது சொல்லி வைக்கிறோம்.

நிற்க. என்ன வழி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறோம். வழிகள் நான்கு இருக்கின்றன. நான்கிலும் ஒரே பாடந்தான் இருக்கின்றது: முன்னே போனவனுக்கு உண்டு, பின்னே போனவனுக்கு இல்லை.

முதல் வழி, சர்க்கார் ஆஸ்பத்திரி. இது பிச்சையல்ல, நம் வரிப்பணத்தில் நடப்பது. 2011-ம் வருஷம் முதல் மத்திய சர்க்கார் திட்டப்படி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவமும், சிசேரியனும், மருந்தும், பரிசோதனையும், ரத்தமும், தங்கியிருக்கும் நாட்களில் ஆகாரமும் கர்ப்பிணிக்கு இலவசம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக 108 வண்டி இருக்கின்றது. செஞ்சியில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கின்றது. அங்கே முடியாத சிக்கலென்றால் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கின்றது. இதோடு, ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் மகப்பேறு உதவித் திட்டமும் நடக்கின்றது. அந்த அம்மையார் 1927-ல் சென்னைச் சட்டசபையில் நுழைந்த முதல் பெண்மணி. 1987-ல் 300 ரூபாயாக ஆரம்பித்த இந்த உதவி, 2006-ல் 6,000, 2011-ல் 12,000 என்று உயர்ந்து, 2018 முதல் 18,000 ரூபாயாக இருக்கின்றது. இதில் 14,000 ரூபாய் ரொக்கம்; 4,000 ரூபாய்க்கு ஊட்டச் சத்துப் பெட்டிகள். முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். பெண்ணுக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இதிலும் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்து 12 வாரத்துக்குள் கிராம சுகாதார நர்சிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 12 வாரம் என்பது மூன்று மாதம். நம் வீடுகளிலோ மூன்று மாதம் முடிகின்ற வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லக்கூடாது, சொன்னால் கலைந்துவிடும் என்று கிழவிகள் கட்டளை! சர்க்கார் மூன்று மாதத்துக்குள் சொல் என்கின்றது. சாஸ்திரம் மூன்று மாதம் சொல்லாதே என்கின்றது. சாஸ்திரத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் நஷ்டம் பணம் மாத்திரமல்ல. ரத்தசோகையையும், ரத்தக் கொதிப்பையும், சர்க்கரையையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கின்ற சந்தர்ப்பமும் போய்விடுகின்றது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சுக்குச் சொல்லுங்கள். நர்சின் கண் பட்டு இதுவரை ஒரு கர்ப்பமும் கலைந்ததில்லை.

இரண்டாவது வழி, தொழிலாளர்களுக்கு உள்ள ஈ.எஸ்.ஐ. இது 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. மாதம் 21,000 ரூபாய் வரையில் சம்பளம் வாங்குபவர்களுக்கு உரியது. சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி நூற்றுக்கு 3¼ ரூபாயும் கட்ட வேண்டும். 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பெண் தன் பங்காகக் கொடுப்பது 90 ரூபாய். முதலாளி அவளுக்காகக் கட்ட வேண்டியது 390 ரூபாய். இதற்குப் பிரதியாக, பிரசவ காலத்தில் 26 வாரம் சம்பளமும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வைத்தியமும் கிடைக்கும். ஆனால் சம்பளம் கிடைப்பதற்கு முந்திய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது விதியாக இருந்து வருகின்றது. செய்யாறு சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலைகளில் ஆயிரக் கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் சம்பளச் சீட்டைப் படித்துப் பார்த்து, ஈ.எஸ்.ஐ. என்று பிடித்த பணம் தங்கள் பேரில் சேர்ந்திருக்கின்றதா என்று விசாரித்திருப்பார்கள்? விசாரிக்க வேண்டிய காலம் கலியாணத்துக்கு முன். வேலையில் உள்ள ஆண்களும், ஈ.எஸ்.ஐ. சீட்டில் மனைவியின் பேர் ஏறியிருக்கின்றதா என்று இன்றைக்கே பார்க்க வேண்டும். ஏறியிருந்தால்தான் அவளுக்கு வைத்தியம்.

மூன்றாவது வழி, வேலை செய்கின்ற கம்பெனியே சிப்பந்திகளுக்காக மொத்தமாக எடுத்து வைக்கும் பாலிசி. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர் வாலிபர்களில் பலருக்கு இது இருக்கின்றது. இருப்பதே பலருக்குத் தெரியாது. இத்தகைய பாலிசிகளில் பெரும்பாலும் பிரசவத்திற்குக் காத்திருப்பு இல்லாமல் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. ஆனால் ஒரு உச்சத் தொகை வைத்திருப்பார்கள். வேலையை விட்டுவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். பிள்ளை பெற உத்தேசித்திருக்கின்ற தம்பதிகள், வேலை மாறுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

நான்காவது வழிதான் சொந்தமாகப் பாலிசி வாங்குவது. இதைக் கடைசியில் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் சர்க்கார் ஆணையம் 2020-ல் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஏற்படுத்திய "ஆரோக்ய சஞ்சீவனி" என்கின்ற பொதுப் பாலிசியில்கூடப் பிரசவச் செலவு விலக்கப்பட்டேயிருக்கின்றது. கருப்பைக்கு வெளியே கரு தங்கிவிடுகின்ற ஆபத்துக்கு மாத்திரம் அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே பிரசவம் சேர வேண்டுமானால், அது சேர்ந்த பாலிசியைத் தேடித்தான் வாங்க வேண்டும். வாங்குமுன் ஏஜெண்டை உட்கார வைத்து, கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டு, பதிலை அச்சில் காட்டச் சொல்ல வேண்டும்.

பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம்? அந்தக் காலம் முடிந்த பிறகு கர்ப்பமாக வேண்டுமா, அல்லது பிரசவம் நடந்தால் போதுமா? கணவன், மனைவி இருவரும் அவ்வளவு காலமும் பாலிசியில் இருந்திருக்க வேண்டுமா? சாதாரணப் பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு? எத்தனை பிரசவத்துக்கு? பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே வைத்தியச் செலவு உண்டா, அல்லது 90 நாள் கழித்தா? செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரி ஆகிய இடங்களில் பணம் கட்டாமல் வைத்தியம் பார்க்கச் சம்மதித்த ஆஸ்பத்திரிகள் எவை? இவற்றுக்கெல்லாம் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று பதில் சொல்லுகிற ஏஜெண்டுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட வேண்டும், செக் கொடுக்கக்கூடாது.

கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். பிரசவம் சேர்ந்த பாலிசிக்கு வருஷத்துக்கு 8,000 ரூபாய் அதிகம் என்றும், காத்திருப்பு மூன்று வருஷம் என்றும், பிரசவத்துக்குக் கொடுப்பது 30,000 ரூபாய் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நான்காவது வருஷத்தில் பிரசவம் ஆகும்போது நாம் அதிகமாகக் கட்டியது 32,000 ரூபாய். நம் பணத்தைக் கொடுத்து, இரண்டாயிரம் குறைத்து, நாமே திரும்ப வாங்கிக்கொள்ளுவதற்கு ஒரு கம்பெனி வேண்டியதில்லை; தபாலாபீஸ் சேமிப்பே போதும். ஆனால் அதே பாலிசி சிசேரியனுக்கு ஒரு லட்சமும் கொடுத்து, பிறந்த குழந்தையின் வைத்தியத்தையும் ஏற்றுக்கொள்ளுமானால், அப்போது அது பயனுள்ளது. 2025-ம் வருஷம் செப்டம்பர் 22 முதல் தனி நபர், குடும்ப வைத்தியப் பாலிசிகளுக்கு முன் இருந்த நூற்றுக்கு 18 வீதம் வரி நீக்கப்பட்டிருக்கின்றது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலிசி கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்து, சொன்னது ஒன்று எழுதியது ஒன்று என்று தெரிந்தால், 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை இருக்கின்றது. நியாயமான பணத்தைக் கம்பெனி மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் செய்து, அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் வக்கீல் இல்லாமல், செலவில்லாமல் முறையிடலாம். ஆனால் கர்ப்பத்தை மறைத்துக் கையெழுத்துப் போட்டவனுக்கு அங்கேயும் நியாயம் கிடைக்காது. ஏமாற்றுகிறவனை எதிர்க்க வேண்டுமானால் நாம் ஏமாற்றாதவராயிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிரசவத்திற்குப் பாதுகாப்பு என்பது ஏஜெண்டு கொண்டுவந்து கொடுத்த வரம் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. உலகத்தில் இது தொழிலாளரும் பெண்களும் கேட்டு வாங்கியது. ஜெர்மனியில் 1883-ம் வருஷத்து நோய் இன்ஷ்யூரன்ஸ் சட்டத்திலேயே தொழிலாளிப் பெண்களுக்குப் பிரசவ உதவி இருந்தது. இங்கிலாந்தில் 1911-ம் வருஷத்துச் சட்டம் பிரசவத்திற்கு 30 ஷில்லிங் கொடுத்தது. ஆனால் பெற்றவள் ஒருத்தி, பணம் கணவன் கையில் என்று இருந்ததால், அங்குள்ள பெண்கள் கிளர்ச்சி செய்து, 1913-ல் அந்தப் பணம் தாய்க்கே சொந்தம் என்று சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். நம் நாட்டில் 1929-ல் பம்பாயிலும், 1934-ம் வருஷத்துச் சட்டத்தால் சென்னை மாகாணத்திலும் ஆலைப் பெண்களுக்குப் பிரசவ சகாயம் ஏற்பட்டது. 1961-ல் இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது. 2017-ல் 12 வாரம் 26 வாரமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இவையெல்லாம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றாவது ஆகாயத்திலிருந்து விழுந்ததா?

ஆனால் இந்தச் சட்டங்களெல்லாம் சம்பளச் சீட்டு உள்ள பெண்ணைத்தான் பார்க்கின்றன. செஞ்சி வயல்களில் நாற்று நடுகிறவளும், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவளும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் தூற்றுகிறவளும் எந்தக் கம்பெனிக்குச் சிப்பந்தி? அவளுக்கு 26 வாரச் சம்பளம் யார் கொடுப்பது? பிள்ளை பெறுவது ஒரு பெண்ணுடைய சொந்த ஆடம்பரம் என்பது போலக் கம்பெனிகள் அதைப் பாலிசியிலிருந்து தள்ளி வைக்கின்றன. அவள் பெறாவிட்டால் நாளைக்கு வரி கொடுக்க ஆள் ஏது, பிரீமியம் கட்டத்தான் ஆள் ஏது? ஆகவே பொதுப் பாலிசியில் பிரசவமும் சேர வேண்டும் என்றும், கூலிப் பெண்களுக்கும் பிரசவ காலக் கூலி வேண்டும் என்றும் நாம் கேட்க வேண்டும். கேட்டுப் பெறுகிற வரையில், இருக்கின்ற உரிமைகளைத் தவற விடாமலிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. முன்கூட்டித் திட்டமிடுவது என்றால், எப்போது கர்ப்பமாவது என்று முன்கூட்டித் தீர்மானிப்பது என்றுதான் அர்த்தம். அந்தத் தீர்மானம் யாருடையது? மாமியாருடையதல்ல, ஜோசியனுடையதல்ல, புருஷன் ஒருவனுடையதுமல்ல. பத்து மாதம் சுமப்பவளுடையது. கர்ப்பத்தைத் தள்ளி வைக்க ஆணுறையும், மாத்திரையும், காப்பர்-டீயும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. காத்திருப்புக் காலம் இரண்டு வருஷமென்றால், இரண்டு வருஷம் தள்ளி வைக்க ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டில் சுதந்திரம் இருக்க வேண்டும். அந்தச் சுதந்திரம் இல்லாத வீட்டில் எந்தப் பாலிசியும் வெறுங் காகிதமே.

"எல்லாம் சரி, முன்னாலே பணம் கட்டிவிட்டுப் பிள்ளையே பிறக்காவிட்டால் நஷ்டமல்லவா?" என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். வீடு பற்றாவிட்டால் நெருப்பு இன்ஷ்யூரன்சும் நஷ்டந்தான். அதற்காக யாராவது வீட்டைக் கொளுத்திக்கொள்ளுவதுண்டா? பிள்ளை இல்லாவிட்டாலும் குடும்பப் பாலிசி ஜுரத்துக்கும் விபத்துக்கும் உதவும். ஆனால் பிள்ளை வேண்டி உண்டியலில் போட்ட பணத்துக்கு ரசீது ஏது, காத்திருப்புக் காலம் ஏது, மறுத்தால் முறையிட இடந்தான் ஏது?

ஆதலால் தோழர்களே! இவ்வருஷம் கலியாணம் செய்துகொள்ளப் போகின்ற வாலிபர்களும் பெண்களும், பத்திரிகை அடிக்கின்ற அன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு இருவருமாக உட்கார்ந்து, பிள்ளை எப்போது, எந்த ஆஸ்பத்திரியில், யார் செலவில் என்று மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். இரண்டு ஜாதகத்தையும் ஒரு தட்டில் வைத்துப் பொருத்தம் பார்க்கின்றவர்கள், அவற்றை எடுத்துவிட்டு, இருவருடைய ஈ.எஸ்.ஐ. சீட்டையும், ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், பாலிசியையும் அந்தத் தட்டில் வைத்துப் பார்ப்பார்களானால், அதுவே உண்மையான பொருத்தமாகும். அந்த அரிசி மில் தோழர் நகையை மீட்க இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு வருகின்ற மாதம் கலியாணம். இந்தத் தடவை பாலிசியை முதலில் படித்துவிட்டுத்தான் பந்தக்கால் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வீட்டிலாவது தலையெழுத்து அழிந்தது என்று நாம் மகிழ்ச்சியடைகிறோம்.